இரண்டு பேர் மட்டும் உள்ளே

அப்பா காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரி அவரை விட்டாலும் அவர் அதை விடவில்லை. மத்தியானம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாது. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் அவர் அதிகாரத்துக்குக் கட்டுப்படாமல் அடித்துக்கொண்டே இருக்கும். தங்கைக்கு ஜலதோஷம் வந்தால் அவளைத் தனி அறைக்கு மாற்றிவிடுவார். நல்ல மனிதர்தான், ஆனால் கூட இருப்பவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அவர் ஓய்வு பெற்ற அதே மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவிப் போயிருந்தது. எனக்கு இருபத்தைந்து வயது. அறுபதுகளில் அது தெருவே கவலைப்படுகிற வயது. இதுவும் தட்டிப்போனால் ஆரணியில் இருந்த ஒருவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்துவிடுவது என்று அத்தை முடிவே செய்துவைத்திருந்தாள். அந்த ஆளை நான் பார்த்திருந்தேன். 

தாமலிலிருந்து பிள்ளை வீட்டார் சம்பிரதாயப்படி ஒற்றைப்படையில், ஏழு பேராக வந்து இறங்கினார்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கூட்டத்தைக் கண்டதும் கை தானாக உயர்ந்தது.

"ரெண்டு பேர் மட்டும் உள்ள போங்க. மத்தவங்க வெளிய நில்லுங்க."

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கான பழக்கம். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

"ரெட்டப்படையா போனா ஆகாதுங்க" என்றாள் பிள்ளையின் பெரியம்மா.

"அப்போ ஒருத்தர் போங்க."

கடைசியில் பிள்ளையின் அம்மாவும், கைக்குழந்தையோடு பெரியம்மாவும் உள்ளே வந்தார்கள். குழந்தை, சகுனத்துக்கு ஓர் ஆள், ரூலுக்கு ஆள் இல்லை என்று வாசலிலேயே பேசி முடிவாகியிருந்தது. என் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அப்பாவிடம் ஓடினாள்.

"என்னங்க, மாப்பிள்ளையே வெளிய நின்னுக்கினு இருக்காரு."

"இவங்க வெளிய வந்ததும் அவர் போகட்டும்."

உள்ளே வந்த இருவரும் சொஜ்ஜியைத் தொடவில்லை. போச்சு, ஆரணிதான் என்று நினைத்துக்கொண்டு நான் சமையலறைக்குத் திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே வேட்டி சட்டையில் ஒருவர் நின்றிருந்தார், மாப்பிள்ளைதான்.

"கொஞ்சம் காப்பி கிடைக்குமா?" என்றார். கம்பி வழியாகக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "உள்ள யாருக்கு உடம்பு சரியில்ல?"

"எங்கப்பாவுக்குத்தான்."

காப்பி புரையேறும் அளவுக்குச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷமே தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. வெளியே வந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த தன் அம்மாவிடம், கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்று தெருவில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

சில வருஷம் கழித்து அப்பாவை அதே ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்குச் சேர்த்தோம். வாசலில் காவல்காரர், அப்பா காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர், எங்களைத் தடுத்தார்.

"ரெண்டு பேர்தாம்மா. சார் போட்ட ரூல்."

அம்மா ஒருத்தி. இன்னொருத்தி நான்தான் என்று செருப்பைக் கழற்றினேன். அதற்குள் நர்ஸ் வந்து, அப்பா மாப்பிள்ளையைக் கூப்பிடுவதாகச் சொன்னாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. சுற்றிக்கொண்டு போய் வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

உள்ளே அப்பா என் கணவரின் கையைப் பிடித்திருந்தார். குரல் மெலிந்துபோயிருந்தது.

"அன்னிக்கு உங்கள வெளிய நிக்க வெச்சிட்டேன். இன்னிக்கு நீங்க உள்ள இருங்க." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "அவளுக்குக் காப்பி குடுங்க மாப்பிள்ள. கம்பி வழியா குடுக்கக் கூடாதுன்னு ரூல் இல்ல. அன்னிக்கும் நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."