பாஷை வராதவள்

என் மனைவி செங்கல்பட்டு ஜி.எச். பெண்கள் வார்டுக்குப் போய்வந்த காலத்தில் அதற்கு ஊழியம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. நான் மறைமலைநகர் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவள் கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு பஸ் பிடிப்பாள். துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் பெண்களுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, தலை வாரிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரிதான் கடவுளிடம் பேசுவாள். "அப்பா, இந்தம்மாவுக்கு இன்னிக்கு கொஞ்சம் தூக்கம் குடுப்பா." அவ்வளவுதான் ஜெபம்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சபைக்குப் புதுப் போதகர் வந்தார். கெட்டவர் அல்ல, எங்கள் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். விசுவாசிகள் சபையில் சும்மா உட்கார்ந்து பாய் தேய்க்கக் கூடாது, ஆளுக்கொரு வரம் உண்டு, அதைக் கண்டுபிடித்து ஊழியத்துக்குத் தயாராக வேண்டும் என்று பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார். நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். அப்புறம்தான் ஒரு விதி போட்டார். அந்நிய பாஷையில் பேசும் வரம் பெறாதவர்கள் எந்த ஊழியத்துக்கும் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்கும்தான். ஆவியானவர் இறங்கினால் யாருக்கும் புரியாத ஒரு பாஷை தானாக வாயில் வருமாம், அதுதான் அடையாளமாம். பாட்டுக் குழுப் பெண்களுக்கு உடனே வந்துவிட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் மனைவி அந்த ரகம் இல்லை.

கீழ்ப்படியாமல் போனால் அது ஊழியமாகாது என்று அவளும் நம்பி, வார்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் சும்மா நிற்பாள். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சதுரங்கப்பட்டினம் கடலோரம் ஒரு சவுக்குத் தோப்பில், அந்த வரம் இறங்குவதற்காகக் காத்திருப்புக் கூட்டம் வைத்தார்கள். காலையிலிருந்து உபவாசம். வரம் பெறாத ஒவ்வொருவர் பக்கத்திலும் பெற்றவர் ஒருவர் நின்று, 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று வேகவேகமாகச் சொல்லவைப்பார். நாக்கு புரளும்வரை விடமாட்டார்கள். மதியம் தாண்டியபோது என் மனைவியின் வாயிலிருந்தும் ஏதோ வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போதகர் அவள் தலையில் கைவைத்து ஆஸ்பத்திரி ஊழியத்துக்கென்று ஜெபித்து அனுப்பினார். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை. பசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சபையின் ஊழியக் குழுவோடு முதல் தடவை வார்டுக்குப் போய்வந்த அன்று, புடவைகூட மாற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். முன்பு இவள் கையால் கஞ்சி குடித்த ஒரு பெண், வயிற்றுக் கட்டி முற்றி மறுபடி வந்து படுத்திருந்தாளாம். இவளைப் பார்த்ததும் தன் பிள்ளைகளுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாள். சுற்றிலும் குழுவினர். தமிழில் ஜெபித்தால் வரம் போய்விட்டது என்று நினைப்பார்களே என்று பயந்து, தோப்பில் சொன்னதையே இவள் மறுபடி சொல்லியிருக்கிறாள்.

"அந்தம்மா என் கையப் புடிச்சுகினு, 'இன்னாமா சொல்ற, எனக்கு ஒண்ணும் புரியலியே, எம் புள்ளைங்க பேரச் சொல்லும்மா'ன்னு கேட்டுச்சுங்க. நான் நிறுத்தல," என்றாள். பிறகு, "எனக்கு வரமெல்லாம் வரலிங்க. அன்னிக்கு பசி மயக்கத்துல வாய்க்கு வந்தத சொன்னேன்," என்றாள்.

அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருத்தி இருந்தாள்.

போதகரிடம் அவளே போய் உண்மையைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. சந்தேகம் சாத்தானின் வேலை, பெற்ற வரத்தை மறுதலிக்காதே என்று சாந்தமாகச் சொல்லி, அடுத்த கூட்டத்தில் புதியவர்கள் பக்கத்தில் நின்று அவர்களைப் பேசவைக்கும் பொறுப்பையும் கொடுத்தார். அவள் முடியாது என்றாள். குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கிருந்த ஆத்திரத்துக்கு அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் என் அப்பா செத்தபோது சவப்பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தவர் அவர். எப்படிப் பிடிப்பது?

சபையாவது ஒன்றாவது, பழையபடி தனியாகப் போ, எவன் கேட்கிறான் என்று அவளிடம் சத்தம் போட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போலாங்க. கஞ்சி ஊத்தலாம், தல வாரிவுடலாம். ஜெபம் பண்ணுன்னு கேப்பாங்களே," என்றாள். "இப்பல்லாம் தமிழ்ல பண்ணாக்கூட பொய் சொல்ற மாதிரியே கீதுங்க."