ஓலைப் பெட்டிக்குப் பின்னால்

என் மகளின் வலக்கையைக் கடித்தது எந்தப் பூச்சி? ஆறு வருடமாகிறது. அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அன்று தெரிந்தவள்போல் பேசினேன்.

நான் அபிராமத்தில் பிறந்து எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பாம்பனில் வாழ்க்கைப்பட்டபோது அந்த எட்டாம் வகுப்பும் என்னோடு வந்தது. கொழும்பிலிருந்து கணவர் எழுதும் கடிதங்களை மாமியாருக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன். பதிலும் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். மருந்துப் புட்டியின் சீட்டைப் படிப்பதும் நான். கணவரின் அக்கா, என் மதினி, இளவயதிலேயே கணவரை இழந்து தாய்வீட்டோடு வந்துவிட்டவர். அவருக்கு எழுத்து வாசனையே கிடையாது.

தென்னந்தோப்பை ஒட்டிய அந்த வீட்டில் எட்டுக்கால் பூச்சிகள் ஏராளம். உள்ளங்கை அகலத்தில், சப்பையாக, சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நபிகள் குகைக்குள் இருந்தபோது வாசலில் வலை பின்னி அவர்களைக் காத்த இனம் என்று எங்கள் வீடுகளில் அதை அடிப்பதில்லை. கிண்ணத்தைக் கவிழ்த்து, அடியில் தபால் கார்டை நுழைத்து, வெளியே கொண்டுபோய் விடுவோம். வந்த நாளிலிருந்து அது என் வேலையாயிற்று.

பெண் பூச்சி வயிற்றடியில் வெள்ளையாக, வட்டமாக, முட்டைப் பையைச் சுமந்து திரியும். குஞ்சுகள் வெளியேறிய பிறகு அந்தப் பை காகிதம்போல் சுவரில் ஒட்டிக் கிடக்கும். அதைப் பிய்த்து வெட்டுக்காயத்தில் ஒட்டினால் ரத்தம் நிற்கும் என்பார்கள். மகளுக்கு நாலு வயதில் கால்விரல் கிழிந்தபோது நான்தான் ஒன்றைப் பிய்த்து ஒட்டினேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். "வெள்ளை மருந்து" என்று பெயரும் வைத்தாள். அதன் பிறகு சுவரில் எங்கே வெள்ளையாகக் கண்டாலும் என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாள். கிணறு, அடுப்பு, தெருநாய், அவளுடைய இருமல் என்று நான் பயப்படாத பொருளில்லை. இந்த ஒன்றிலாவது பயமில்லாமல் வளர்க்கிறேனே என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம், சாமான் அறைச் சுவரில் ஒரு பெரிய பூச்சி இருந்தது. மகள் இடுப்பில் இருந்தாள். மதினிதான் முதலில் பார்த்தார்.

"இது சுவத்துப் பூச்சி இல்ல புள்ள. தென்ன மரத்துப் பொந்துல கெடக்குற பூச்சி. மழைக்கு உள்ள வந்துருக்கு. ஒடம்பு பூரா மயிரு பாரு."

"எல்லாம் ஒண்ணுதான் மதினி. வயசான பூச்சி, அதான் கருத்துக் கெடக்கு" என்றேன்.

"சரித்தா. எங்க ஊருப் பூச்சியையும் அபிராமத்துப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்துட்டாக போல."

சொல்லிவிட்டு மதினி சிரித்த சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. மகளை இறக்கிவிட்டுக் கிண்ணத்தோடு போனேன். கிட்டே போனதும் அது முன்னங்கால்களைத் தூக்கிற்று. காலின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. சுவர்ப் பூச்சி அப்படிக் காலைத் தூக்கி நான் கண்டதில்லை. கிண்ணம் வந்தால் அது ஓடத்தான் பார்க்கும். இதையெல்லாம் அந்த நொடியிலேயே நான் கவனித்தேன். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. அவசரமாகக் கவிழ்க்கப் போய்க் கிண்ணத்தைச் சுவரில் இடித்துவிட்டேன். பூச்சி கீழே இறங்கி, நெல் வைக்கும் ஓலைப் பெட்டிக்குப் பின்னால் போய்விட்டது. தானாக வெளியே போய்விடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெட்டியை நகர்த்திப் பார்த்திருக்கலாம். அறைக் கதவையாவது சாத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தபோது மகள் அலறினாள். வாசலில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டவள், வெள்ளை மருந்து எடுக்கப் போய், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டிருக்கிறாள். பெட்டியை இழுத்தேன். சுவரில் சாதாரணச் சுவர்ப் பூச்சி ஒன்று, வயிற்றடியில் வெள்ளைப் பையோடு, அசையாமல் நின்றது. வேறு எதையும் காணோம். அவளுடைய ஆள்காட்டி விரலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. மாமியார் அந்தப் பூச்சியைக் கிண்ணத்தில் வாங்கி, "பாவம், அதுவும் தாய்தான்" என்று சொல்லித் தோப்பில் கொண்டுபோய் விட்டார்.

ரயிலேறிப் பாலம் தாண்டி டாக்டரிடம் போனோம். எந்தப் பூச்சி, பிடித்துக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டார். அடிக்கிற வழக்கமில்லை என்றேன். "வீட்டுச் சுவர்ல இருக்குமே, அதான் டாக்டர். நான் பாத்தேன்" என்றும் சொன்னேன். பொய்யில்லை. முந்தின நாள் பார்த்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். டாக்டர் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் முழங்கை வரை வீங்கிவிட்டது. விரல்கள் உள்ளே மடங்கி இழுத்துக்கொண்டன. பிறகு கால்களும் இழுக்கத் தொடங்கின. களிம்பை நம்பி இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் மதினிதான் பேசினார். மஞ்சள் கால், மயிர், தென்னை மரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இதற்கென்று தனி மருந்து கிடையாது, ஆனால் வலிக்கு அன்றைக்கே ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாள் வலி நான் கொடுத்தது. அதைப் பூச்சிமேல் போட முடியாது.

கொழும்புக்குக் கடிதம் எழுத மாமியார் அந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. தெருவில் வேறு யாரையோ பிடித்து எழுதவைத்தார். பதில் வந்தபோது மட்டும் வாசிக்க என் கையில் கொடுத்தார். 'படித்தவள் வீட்டில் இருக்கிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்' என்று இருந்தது. ஒரு சொல்லை விடாமல் உரக்க வாசித்தேன். மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மகளுக்கு இப்போது பத்து வயது. கை நன்றாக இருக்கிறது. மழை நாளில் மட்டும் விரல் இழுக்கிறது என்பாள். உண்மையா, பயமா, தெரியவில்லை. அடுத்தவளுக்கு மூன்று வயது. போன வாரம் அடுப்படிச் சுவரில் பெரிய பூச்சி ஒன்று வந்தது. வெள்ளைப் பை இல்லை. சின்னவள் கையை நீட்டிக்கொண்டு போனாள். மூத்தவள் அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு, "மாமி, இங்கன வந்து பாருங்க" என்று மதினியைக் கூப்பிட்டுக் கத்தினாள்.

மதினிக்கு இப்போது கண்ணில் புரை. அவர் சுவருக்கு நேராக முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஒங்க உம்மாட்ட கேளு" என்றார்.

"உம்மாவுக்குத் தெரியாது" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சீனி இல்லை என்று வந்து சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் இரண்டு பிள்ளைகளையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். அன்று சோறு அக்கம்பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. மறுநாள் பார்த்தால் பூச்சி இல்லை. எங்கே போனதென்று தெரியாமல் இன்னும் ஒவ்வொரு பெட்டியையும் கம்பால் தட்டிவிட்டுத்தான் தொடுகிறேன். அடிக்க மாமியார் விடமாட்டார். எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் பிள்ளை உயிரைவிட அந்த வழக்கம் பெரிதா என்று ஒரு நாளைக்குப் பத்து முறை கேட்டுக்கொள்கிறேன்.

இதை வாசிப்பவர்களில் தோப்புக்குள் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் இருப்பீர்கள். கிட்டே போகாமல், காலைத் தூக்கும்வரை காத்திராமல், சுவர்ப் பூச்சியையும் தென்னைமரப் பூச்சியையும் பிரித்தறிய உங்களுக்கு ஒரு வழி தெரிந்தால் எழுதுங்கள். வழியே இல்லையென்றால், கையை நீட்டிக்கொண்டு போகும் மூன்று வயதுப் பிள்ளையிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.