பொன்முடி வேனுக்கான படிவம்

ஷீஜா பாறசாலையிலிருந்து தினமும் ரயிலேறி நகரத்துக்கு வந்து, பழவங்காடிக்குப் பின்னாலுள்ள ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். கடைகளும் மருத்துவமனைகளும் வாட்ஸ்அப் வழியாகத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் படிவங்களை உருவாக்குவது, சோதிப்பது, வெளியிடுவது, காலாவதியானவற்றை நிறுத்தி ஓய்வு கொடுப்பது, இவ்வளவும் அவள் பொறுப்பு. முன்பு ஆரியசாலையில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த வேலை அவளுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

ஒருமுறை நகரத்துக் கண் மருத்துவமனை ஒன்று, பொன்முடித் தோட்டத் தொழிலாளர்களைச் சனிக்கிழமை வேனில் அழைத்துவந்து பரிசோதிக்க முடிவு செய்தது. வேனில் இடம் பிடிக்க ஷீஜாதான் படிவம் செய்து வெளியிட்டாள். இரண்டு நாளாகியும் வேனில் ஒருவரும் இடம் பதியவில்லை. கணினியில் பார்த்தால், நிறையப் பேர் படிவத்தைத் திறந்திருந்தார்கள். முகவரிப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள்.

மருத்துவமனையிடம் எண் வாங்கி, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாசம்மாளை அழைத்தாள்.

"அதுல வீட்டு நம்பரு, தெரு பேரு எல்லாம் கேக்குதாம் மக்களே. நாங்க தோட்டத்து லயத்துல, ஒரே வரிசை வீடுகள்ல கெடக்கோம். தெருவுக்கு எங்க போவேன்? போதாதுக்கு எல்லாம் மலையாள எழுத்து. பேச வரும், வாசிக்க வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணும் பாத்துட்டு மூடி வச்சிட்டா."

நகரத்துக் கடைகளுக்குச் செய்கிற அதே அச்சில் இதையும் வார்த்திருக்கிறோம் என்று ஷீஜாவுக்குப் புரிந்தது. உடனே திருத்திவிடக் கை பரபரத்தது.

அவள் சொன்னதைக் கேட்டு மேலாளர் ஆதர்ஷ் யோசித்தான். "சேச்சி, பப்ளிஷ் ஆயாச்சில்லே. இனி அதுல ஒண்ணும் மாத்த ஒக்காது."

"மாத்த வேண்டாம் சாரே. அதைப் பார்த்துப் புதுசா ஒண்ணு செய்யட்டுமா?"

"அப்போ பழசை இப்பவே நிறுத்திடலாமா?"

"இப்ப நிறுத்தினா, பழைய மெசேஜ்ல பட்டனைத் தொடுதவங்களுக்கு ஒண்ணுமே தொறக்காது. புதுசு போய்ச் சேரட்டும், அதுக்கப்புறம்."

ஆதர்ஷ் தலையாட்டினான்.

புதிய படிவத்தில் முதலில் தமிழா மலையாளமா என்று கேட்டாள். தெருவை எடுத்துவிட்டு, தாசம்மாள் சொல்லச் சொல்ல லயங்களின் பெயர்களைத் தேர்வுகளாக வைத்தாள். ஆதர்ஷ் தன் கைப்பேசியில் சோதித்துப் பார்த்தான். முந்தைய பக்கத்துக்குத் திரும்பினால் தேர்ந்தெடுத்த லயம் அழிந்துபோவதைக் கண்டுபிடித்தது அவன்தான். இருவருமாக அதைச் சரிசெய்து, சாயங்காலம் வெளியிட்டார்கள். பாதியில் விட்டவர்களுக்கெல்லாம் புதுச் செய்தி போனது.

மறுநாள் காலையில் வேனின் எல்லா இடங்களும் பதிவாகியிருந்தன. மருத்துவமனை இரண்டாவது வேனுக்கு ஏற்பாடு செய்தது. பழைய படிவத்தை இனி யாரும் திறப்பதில்லை என்று பார்த்தபிறகே ஷீஜா அதற்கு ஓய்வு கொடுத்தாள்.

சனிக்கிழமை விடுமுறை. ஆனாலும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்ற, மருத்துவமனை வாசலில் போய் நின்றாள். கொண்டையூசி வளைவுகளில் தலைசுற்றி வந்தவர்கள் ஒவ்வொருவராய் இறங்கினார்கள். ஷீஜா தாசம்மாளின் பெயரைச் சொல்லி விசாரித்ததும், முண்டும் மேலே நேரியதும் உடுத்த ஓர் அம்மாள் குரலை வைத்தே அவளைக் கண்டுகொண்டாள்.

"நீயாக்கும் போன்ல பேசினது? பெரிய ஆபீசர்னு நெனச்சேன். சின்னப் பிள்ளையாட்டு நிக்குதியே!"

"ஆபீசர் ஒண்ணும் இல்ல, அம்மா."

"ஆட்டும். எனக்கு முன்னால நாலு பேரு இருக்கு. வா, சாயா குடிப்போம்."

எதிர்க்கடையில் இருவரும் நின்றபடி குடித்தார்கள். சாயாவில் தூள் சரியில்லை என்று தாசம்மாள் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக, சிரித்துச் சிரித்து ஷீஜாவுக்குப் புரையேறியது.