பார்லியும் உமியும்

அமீரகத்துப் புஜைராவில் என்னோடு ஒரே ரூமில் இருந்த அண்ணனுக்கு விசா கேன்சல் ஆகிவிட்டது. இரண்டு வாரத்தில் ஊருக்குப் போகவேண்டும்.

"போறதுக்குள்ள நம்ம கையால காய்ச்சுன பீர் ஒரு டம்ளர் குடிச்சுப் பாக்கணும்டா," என்றார்.

பீர் புளித்து வரவே இரண்டு வாரம் ஆகும். அன்றைய லீவு நாளை விட்டால் அவருக்குக் குடிக்கக் கிடைக்காது. எனக்கோ தூங்கினால் போதும் என்றிருந்தது. வாரம் முழுக்க எண்ணெய்த் தொட்டிகளில் பைப் வேலை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தீவனக் கடையில் வாங்கிய பார்லியை அண்ணன் முன்பே முளைகட்டி, மொட்டை மாடி வெயிலில் காயவைத்திருந்தார். சைட்டில் கழித்துப்போட்ட தண்ணீர் கூலர்தான் எங்கள் பாத்திரம். வாஷ்பேசின் ஹோஸின் கம்பி வலையை உரித்து, கூலரின் குழாய்க்கு உள்பக்கம் மாட்டினேன். பார்லி உள்ளே நிற்கும், இனிப்புத் தண்ணீர் மட்டும் இறங்கும் என்று போன் வீடியோவில் பார்த்திருந்தோம்.

மிக்ஸியில் நான் அரைத்தேன். தோசைக்கு அரைத்துப் பழகிய கை, நைசாகவே அரைத்தது. அண்ணன் சலித்து உமியைத் தனியே பையில் கட்டினார்.

"உமி மாட்டுக்குடா. மனுசனுக்கு எதுக்கு?"

வெந்நீர் ஊற்றிப் போர்வை சுற்றி ஊறவைத்தோம். பிறகு குழாயைத் திறந்தால் நாலு சொட்டு வந்து நின்றுவிட்டது. அண்ணன் கரண்டியால் குத்தினார், அழுத்தினார். உள்ளே களியாக இறுகிக் கிடந்தது.

"கலாஸ், முடிஞ்சது," என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குக் கொடுத்து வைக்கல."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வீடியோவை மறுபடி போட்டேன்.

"அண்ணே, அவன் உமிய எடுக்கவே இல்ல. மாவாவும் அரைக்கல, சும்மா உடைச்சிருக்கான். உமி நடுவுல நின்னாத்தான் தண்ணி இறங்க வழி கிடைக்கும் போல."

"சோம்பேறிப் பய," என்றார் அண்ணன். ஆனால் எழுந்து பையை அவிழ்த்தார்.

எல்லாவற்றையும் அண்டாவில் கொட்டி, உமியை வெந்நீரில் நனைத்துக் கலந்து, திரும்பக் கூலரில் நிரப்பினோம். கொஞ்ச நேரம் அதைத் தொடவில்லை. குழாயை மெல்லத் திறந்தேன். முதலில் கலங்கலாக வந்ததைத் திரும்பக் கூலருக்குள் மேலாக மெதுவாக ஊற்றினேன். அப்புறம் நூல் போல இறங்கியது.

"யல்லா, சீக்கிரம் முழுசாத் தொறடா!"

"வேணாம்ணே. இழுத்தா திரும்ப அடைச்சுக்கும்."

அன்றைய தூக்கம் அந்த நூலோடு போயிற்று. அதைக் காய்ச்சி, கசப்புக்கு வேப்பம்பூ போட்டு, ஆறியதும் ரொட்டி ஈஸ்ட் தூவி, கேனில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.

அவர் கிளம்புவதற்கு முந்தின மாலை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினேன். நுரை பேருக்குத்தான் இருந்தது. ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார். அப்புறம் டம்ளரை வைக்காமல் முழுதும் குடித்து முடித்தார்.

"நல்லாருக்கான்னு மட்டும் கேக்காத. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினேன். மறுநாள் எனக்கு டூட்டி இருந்ததால் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. டூட்டி முடிந்து வந்து, அன்றிலிருந்து மூலையில் கிடந்த கூலரைக் கழுவியபோது வலையில் உமி ஒட்டியிருந்தது. சுரண்ட அலுப்பாக இருந்தது. அப்படியே கவிழ்த்துவிட்டுப் படுத்தேன்.