ஒருத்தரும் பார்க்காத சாம்பல் நிறக் கார்

எனக்கு இடுப்புப் போனதற்குக் காரணம் கடிதங்கள்தான். கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற ஊருக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவால் ஓடும் றோட்டுகளில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தபால் பெட்டி கம்பத்தில் நிற்கும். காரை அதன் ஓரமாக நிறுத்தி, இறங்காமல் கையை நீட்டிக் கடிதத்தைப் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகவேண்டும். பெட்டி நிற்பது றோட்டின் வலப்பக்கம். இந்த நாட்டுக் காரில் ஸ்டியரிங் இருப்பதோ இடப்பக்கம். அப்படியென்றால் எப்படிப் போடுவது? வலப்பக்க சீற்றில் குந்திக்கொண்டு, இடது காலை அந்தப் பக்கம் நீட்டிப் பிறேக்கை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, வலது கையால் போடவேண்டியதுதான். சர்க்கஸ்காரிகூட அதற்குத் தனிச் சம்பளம் கேட்பாள். நான் ஒரு குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடினேன்.

அந்த றோட்டுக்குரிய பழைய தபால்காரர் ஓய்வுபெற்றபின் வந்தவர்கள் ஒருவரும் நிலைக்காமல் போக, அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாகப் போனவள் நான். அதற்கு முன் ஸ்காபரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இரவு முழுக்க பன் அடுக்கினேன். வெளியே வரும்போது விடிந்திருக்கும், வீட்டுக்குப் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பேன். தபால் வேலை வந்த பிறகுதான் எனக்குப் பகல் திரும்பக் கிடைத்தது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வீட்டில் முழித்திருந்தேன். இடுப்பு உளைந்தாலும் பரவாயில்லை, அந்த வேலையை விட எனக்கு மனமே இல்லை.

ஒருநாள் என் மேற்பார்வையாளர் அந்த வழியால் போகையில் என் சர்க்கஸைப் பார்த்துவிட்டார். நல்ல மனுசி. ஏசவில்லை. அடுத்த மாதம் இந்த றோட்டை நிரந்தரமாக ஒருவருக்குக் கொடுக்கவேண்டும், உனக்குத் தரத்தான் விருப்பம் என்றார். ஆனால் இப்படி இருந்து ஓட இனி விடமாட்டேன். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார் ஒன்று எடு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுக்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை. மஞ்சள் லைற் விழப்போகிறது என்று நினைத்தே பச்சை லைற்றில் நிற்கிற மனிதர்.

"வலப்பக்கக் காரோ? உமக்கென்ன விசரே? இஞ்சை ஆர் உதை வச்சிருக்கினம்?"

"தபால் போடுற ஆக்கள் வச்சிருக்கினம். யப்பானிலையிருந்து இறக்கினம்."

"இறக்கினால் ஆர் ஓடுறது?"

"நான் மன்னாரிலை வருசக்கணக்கா வான் ஓடினவள். வலப்பக்கம் இருந்துதானே ஓடினனான்? எனக்கு ஆர் படிப்பிக்கிறது?"

வாய் பேசினால் நான் ஒருபோதும் குறைவாகப் பேசுவதில்லை. மன்னாரில் ஒரு திட்ட அலுவலகத்தின் வானைக் குண்டும் குழியுமான றோட்டுகளில் ஓடியது என் வாழ்க்கையின் பெரிய பெருமை.

யப்பான் கார்களைப் பதினைந்து வயது தாண்டினால்தான் இந்த நாட்டுக்குள் லேசாக விடுவார்கள். கிழடுகளுக்கு மட்டும் விசா. ஸ்காபரோவில் கராஜ்கள் வரிசையாக இருக்கிற ஒரு சந்தின் பின்னால், அப்படிக் கார் இறக்கி விற்கிற ஒரு தமிழ்த் தம்பியின் வளவு இருந்தது. நாங்கள் போனபோது இளசுகள் எல்லாம் தரையோடு தரையாகப் பதிந்த ஓட்டக் கார்களைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்ன வான்களுக்கும் ஆள் இருந்தது. மதிலோரமாக ஒரு சாம்பல் நிறச் சின்னக் கார் நின்றது. நாலு கதவு, பின்னால் ஒரு டிக்கி, வேறு ஒரு சிறப்பும் இல்லை. சீற்றுகளுக்கு வெள்ளை லேஸ் உறை போட்டிருந்தது.

"உதையோ அக்கா பாக்கிறியள்?" என்று தம்பிக்கே ஆச்சரியம். "உதை ஒருத்தரும் திரும்பியும் பாக்கிறேல்லை. கொன்ரெயினரிலை இடம் மிஞ்சினதாலை ஏத்தினது."

"ஒருத்தரும் பாக்காட்டி எனக்கு நல்லது," என்றேன்.

கணவர் கையில் ரோர்ச் லைற்றோடு காரின் அடியில் நுழைந்தார். எங்கேயாவது கறள் இருந்தால் இந்தக் கதையை அங்கேயே முடித்துவிடலாம் என்பது அவர் திட்டம். இந்த ஊரில் பனிக்குக் கொட்டுகிற உப்பு எந்தக் காரையும் பத்து வருடத்தில் அரித்துத் தின்றுவிடும். அவர் வெகுநேரம் அடியில் கிடந்தார். வெளியே வந்தபோது முழங்காலெல்லாம் ஊத்தை, முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன, கறளோ?"

"ஒரு பொட்டுக் கறள் இல்லை," என்றார் துக்கமாக.

எடுத்தோம். முதலில் கேட்ட காப்புறுதிக்காரர்கள் வலப்பக்கக் கார் என்றதும் கையை விரித்தார்கள், பிறகு ஒருவர் சம்மதித்தார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கார் தரிப்பிடத்தில் ஃபாதர் வந்து மந்திரித்தார். காரைச் சுற்றித் தீர்த்தம் தெளித்தவர், ஓட்டுகிற ஆளை ஆசீர்வதிக்க வழக்கம்போல இடப்பக்க யன்னலால் குனிந்தார். அங்கே இருந்தது என் கணவர். எனக்கு வரவேண்டிய ஆசீர்வாதத்தை அவர் தலையைக் குனிந்து பவ்வியமாக வாங்கிக்கொண்டார். ஃபாதர் போனதும் நான் சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தேன். நாங்கள் வேதக்காரர்தான். அதற்காக எலுமிச்சம்பழத்தை விட்டுவிட முடியுமா?

திறப்பைத் திருப்பியதும் ஒரு யப்பான்காரி காரின் ஒலிபெருக்கியிலிருந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். வணக்கம் சொல்கிறாளாக்கும் என்று நானும் வணக்கம் சொன்னேன். பழம் நசிந்தது. வாசலில் இடப்பக்கம் திரும்பவேண்டும். என் கை தானாக வலப்பக்கத் தடியைத் தட்ட, சிக்னல் சரியாக விழுந்தது. இத்தனை வருடம் கழித்தும் கை மறக்கவில்லையே! தலைக்கனத்தில் நன்றாக நிமிர்ந்து இருந்துகொண்டு, அழகாக இடப்பக்கம் திருப்பி, றோட்டின் இடது கரையோடு அணைத்துப் போனேன். மன்னாரில் போவதுபோல.

முன்னால் ஒரு பஸ் நேரே என் மூக்குக்கு வந்தது. "மாதாவே!" என்று கணவர் கத்தியதும், பஸ்காரர் ஹோர்னை அமத்தியதும், நான் பிறேக்கை மிதித்ததும் ஒன்றாக நடந்தன. பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். இடையில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான். மெல்லப் பின்னுக்கு எடுத்துக் கோயில் வளவுக்குள் கொண்டுவந்து விட்டேன். கனடாவில் இத்தனை வருடம் ஒழுங்காக வலப்பக்கம் ஓடியவள்தான். ஆனால் ஸ்டியரிங் வலப்பக்கம் வந்ததும் உடம்பு என்னைக் கேளாமல் ஊருக்குப் போய்விட்டது. எனக்குப் பழக்கம் என்று நெஞ்சை நிமிர்த்தினேனே, அந்தப் பழக்கம்தான் எங்களைக் கொல்லப் பார்த்தது. வெட்கமும் பயமுமாக எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கொண்டுபோய்த் தம்பியிட்டையே குடுத்திடுவம்," என்றேன். "எனக்கு வேண்டாம்."

நான் சொல்லுமுன்பே அதைச் சொல்லியிருக்கவேண்டிய மனுசன் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். சட்டையில் தீர்த்தம் இன்னும் காயவில்லை.

"குடுத்தால் நீர் திரும்ப இரவிலை பன் அடுக்கப் போவீர்," என்றார். "உம்மை நான் பாத்தனான்தானே. பகலெல்லாம் நித்திரை, பின்னேரமெல்லாம் கோவம். பிள்ளை உம்மோடை கதைக்கப் பயந்து திரிஞ்சவள். எனக்கு இந்த பஸ்ஸை விட அதுதான் பயம்."

இந்த மனுசனுக்கு இப்படியும் பேசத் தெரியுமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன் பிறகு, சனநடமாட்டம் இல்லாத காலை நேரங்களில் வடக்கே கொண்டுபோய்ப் பழகினோம். நான் றோட்டின் கரைப்பக்கம். அவர் நடுக்கோட்டுப் பக்கம், எதிரே வருகிற லொறிகளுக்கு முகம் கொடுத்துக்கொண்டு, கையில் ஸ்டியரிங்கும் இல்லாமல். பாவம். ஒவ்வொரு திருப்பத்திலும், "கோடு என்ர பக்கம், கோடு என்ர பக்கம்" என்று மன்றாட்டு மாலைக்கு மறுமொழி சொல்வதுபோல விடாமல் சொன்னார். அவர் கால், அங்கே இல்லாத பிறேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அவர் வாய் திறக்கமுன் நானே, "கோடு உங்கடை பக்கம்" என்று சொல்லத் தொடங்கினேன். பிறகு சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. தபால் றோட்டில் இன்னும் சுகம்: பெட்டி என் யன்னலோடு நின்றால் நான் நிற்பதும் சரியான பக்கம்தான்.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் என்னோடு வந்தார். கடிதக் கட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் லேஸ் உறையில் இருந்தார். நான் வாயே திறக்கவில்லை. யன்னலை இறக்குவது, கையை நீட்டுவது, போடுவது, போவது. இடுப்பு அசையவில்லை. திருப்பங்களில் என் நெஞ்சு அடித்தது அவருக்குக் கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். கடைசிப் பெட்டியைத் தாண்டியதும், "திங்கட்கிழமையிலிருந்து இது உன்னுடைய றோட்டு," என்றார். அவரை இறக்கிவிட்டு, ஒரு சோளவயல் ஓரமாக நிறுத்தி, "அப்பாடா!" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருமுறை போதவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு நன்றாக அழுது, முகத்தைத் துடைத்து, கணவருக்குப் போன் அடித்தேன். குசினிச் சத்தத்துக்கு நடுவே அவர் செய்தியைக் கேட்டுவிட்டு, "சரி, சரி, கவனமா வாரும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை, குதிரைகள் நிற்கிற ஒரு பண்ணை வீட்டு வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பெட்டிக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். யன்னலை இறக்கிக் கடிதங்களை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் காரை ஒருமுறை பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த றோட்டுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள், பனி கொட்டத் தொடங்கியதும் எல்லாரும் போய்விட்டார்கள், ஒரு குளிர்காலம் தாண்டிய நீயாவது நிற்பாயா என்று கேட்டார்.

"ஓம், நிப்பன்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவர் சரி என்று தலையாட்டினார். நான் அடுத்த பெட்டிக்குப் போனேன்.