எங்கள் தெருவின் ஒரே மரம்

என் தம்பி நகராட்சியில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறான். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறது, எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் தேங்கும், எல்லாம் அவன் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. ஆனால் என் வீட்டுக்கு வர மட்டும் இன்றைக்கும் போனில்தான் வழி பார்ப்பான். ஒரு முறை போன் திரும்பச் சொன்னது என்று பல் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்து வரிசையில் உட்கார்ந்துவிட்டான். கேட்டால், "நான் சரியாத்தான்க்கா வந்தேன். உன் வீடுதான் தப்பான இடத்துல இருக்கு" என்கிறான். இவனை என்ன சொல்ல!

பூமி சூடாகிறது என்று நகராட்சி ஒரு நாள் விழித்துக்கொண்டது. ட்ரோனைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுத்து, பச்சை குறைவான தெருக்களில் மரம் நடப்போகிறார்களாம். மரங்களை எண்ணுவது தம்பியின் கம்ப்யூட்டர். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எங்கள் தெருவில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. குடியிருப்பதோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் கோளாறு, வெக்கை ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மதியமானால் அவருக்கு மூச்சு இரைக்கும். நான் விசிறிக்கொண்டே பயந்து சாவேன்.

ஊரெல்லாம் கன்று நட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஒருத்தரும் வரவில்லை. நேரே ஆபீசுக்கே போய் நின்றேன்.

"உங்க தெரு காடுக்கா," என்று திரையைக் காட்டினான் தம்பி. "ஊர்லயே அடர்த்தியான காடு."

பார்த்தேன். வெயில் தாங்காமல் வீட்டுக்கு வீடு மாடியில் கட்டியிருந்த பச்சை வலை.

"அடப்பாவி, அது வலைடா! எங்க மாடியில அதைக் கட்டினதே நீதானடா!"

"எனக்குத் தெரியும்க்கா. படத்துக்குத் தெரியாதே."

மறுநாள் நகராட்சித் தலைவர் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகக் காட்டைப் பார்க்க வந்தார். "காட்டுக்கு எப்படிம்மா போகணும்?" என்று என்னிடமே கேட்டார்.

"அதுக்குள்ளதாங்க நிக்கிறீங்க," என்றேன். அண்ணாந்து பார்த்து, "நல்ல காத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி படம் எடுத்தால்தான் மாற்ற முடியும் என்றான் தம்பி. ட்ரோன் வருகிற அன்று தெருவே சேர்ந்து வலைகளைக் கழற்றியது. வீடு அடுப்பாகிவிட்டது. என் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கீழே இறக்கி, வாசலில் நாற்காலி போட்டு, குடையை விரித்துக் கொடுத்தேன். ட்ரோன் ஈ மாதிரி சுற்றிவிட்டுப் போயிற்று.

இந்தத் தடவை வீட்டுக்கு வீடு கன்று வந்தது, என் வாசலைத் தவிர.

"உன் வாசல்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்குக்கா," என்றான் தம்பி. "நல்லா விரிஞ்ச மரம்."

குடை பச்சை நிறம். தலையில் அடித்துக்கொண்டேன். நகராட்சி ஆட்கள் வந்து, 'வெட்டக் கூடாது' என்ற பலகையை அவர் நாற்காலியில் கட்டினார்கள். கன்றுகளுக்குத் தண்ணீர் விட வந்த லாரிக்காரர் ஒரு வாளித் தண்ணீரை அவர் காலடியில் ஊற்றினார்.

"ஜில்லுனு இருக்கு. நாளைக்கும் வருவாரா?" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரிப்பா வரும் எனக்கு? வலையைக் கட்டினால் மறுபடி காடாகிவிடுவோம், நட்ட கன்றையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள் என்று பயந்து, தெருவில் யாரும் கட்டவில்லை. எங்களையும் கட்ட விடவில்லை. மதியமெல்லாம் அவருக்கு வாசல்தான் கதி. குடையைப் பிடித்துப் பிடித்தே ஓய்ந்துபோவார். தம்பிக்குப் போன் போட்டேன்.

"உன் கம்ப்யூட்டர்ல அவர் மரமா இருந்துட்டுப் போகட்டும். இங்க அவர் மனுஷன்டா! மூச்சு முட்டுதுடா அவருக்கு!" அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

மறுநாள் உச்சி வெயிலில் வந்தான். கையில் போன் இல்லை. கடப்பாரையும் ஒரு வேப்பங்கன்றும் இருந்தன. வாசலில் தானே குழி தோண்டி நட்டான். பிறகு அவர் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டான்.

"கொடுங்க மாமா. இது வளர்ற வரைக்கும் நான்தான் மரம்."

சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே நின்றான். இன்றுவரை தினமும் வந்து நிற்கிறான். வேர்த்து வழிகிற அந்த மரத்துக்கு நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.