மலர்க்கொடிக்குக் கொடுத்த களிம்பு

என் அக்காவின் முகத்தைக் கெடுத்தவள் நான். தெரிந்தேதான் கெடுத்தேன்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், நீங்கள் என்னை அறியாதவர். சொல்லும்போது என் முகத்தை உங்களால் பார்க்க முடியாது. அந்த வசதி எனக்குப் போதும்...

அக்கா என்றால் பெரியப்பா மகள் மலர்க்கொடி. குன்னத்தில் ஒரே வீட்டில், ஒரே உலைச் சோறு தின்று வளர்ந்தோம். அவள் முகம் வழவழவென்று இருக்கும். என் கன்னங்களிலோ பருக்கள்! பழுத்து, உடைந்து, கறுத்து, அதன்மேலேயே மறுபடி முளைத்து... எனக்கு அவள் வைத்த பெயர் ‘கடலை உருண்டை’. விருந்தாளிகள் எதிரிலும் அப்படித்தான் கூப்பிடுவாள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் போய் அழுவேன்.

பதினாறு, பதினேழு வருஷத்துக்கு முன், எழுபதுகளின் நடுவில், பெரம்பலூருக்குத் தட்டெழுத்து வகுப்புக்குப் போய்வந்தேன். கூடப் படித்த நூர்ஜஹான் லப்பைக்குடிக்காட்டுப் பெண். அக்காவை அவள் ராத்தா என்பாள். அந்த அக்காவின் புருஷன் குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த பெட்டியிலிருந்து எனக்கொரு களிம்பு எடுத்துவந்தாள். வெள்ளைக் குழாய், மேலே அரபி எழுத்து.

“எங்க ராத்தா கால்ல படை வந்தப்ப போட்டது. மாயமா மறைஞ்சிடுச்சு. பருவுக்கும் கேக்கும்டி, போட்டுப் பாரு.”

படைக்குப் போடுவதை முகத்தில் போடலாமா என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. சென்ட்டோடும் சோப்போடும் கடல் தாண்டி வந்த பொருள் அல்லவா! அது கெடுதல் செய்யும் என்று அன்றைக்கு எங்கள் பக்கத்தில் சொன்னால் சொன்னவரைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

பருக்கள் அமுங்கின. முகம் பளபளத்தது. வீட்டில் கேட்டதற்குப் பயத்தமாவு பூசுகிறேன் என்றேன். ஆனால் சில நாள் களிம்பை விட்டதும் முகம் சிவந்து எரிந்தது. பருக்கள் முன்னைவிட மோசமாகக் கிளம்பின. பயந்துபோய், ஒரு நாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுப் பெரம்பலூரிலேயே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். குழாயைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“மூஞ்சிக்கா போட்ட இத? போடப்போட அழகாத்தான் இருக்கும். ஆனா தோலு காயிதமாட்டம் ஆயிடும்மா. குப்பையில வீசு. வேற யாருக்கும் குடுத்துடாத.”

வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே... கேட்டீர்களா? அவர் அதையும் சொல்லித்தான் அனுப்பினார்!

அவர் தந்த கந்தக வாடை மருந்தில் என் முகம் மெல்ல மெல்லத் தேறியது. களிம்பை மட்டும் நான் வீசவில்லை. துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். எதற்காக? இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் அரியலூர் ஜவுளிக்கடைக் குடும்பத்திலிருந்து மலர்க்கொடியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். கவலையிலோ என்னவோ, அவள் நெற்றியிலும் தாடையிலும் பருக்கள் கிளம்பிவிட்டன. என்னிடம் வந்தாள். அன்றுதான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“ஜெயா, நீ போட்டுக்கிட்டத எனக்கும் குடுடி. பயத்தமாவுன்னு கத வுடாத.”

டாக்டரம்மா சொன்னது என் நாக்கு நுனியில் நின்றது. விழுங்கிவிட்டுக் குழாயை எடுத்து நீட்டினேன். “நான் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாதக்கா” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்.

வந்தவர்கள் முற்றத்து வெளிச்சத்தில் அவளை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் தாய் அவள் மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துப் பூரித்துப்போனாள். பருத்தி எடுத்து முடிந்ததும் பூ வைத்து நிச்சயம் செய்வது என்று பேச்சானது. பேச்சான பிறகும் மலர்க்கொடி களிம்பை விடவில்லை. தீர்ந்ததும் இன்னொரு குழாய் கேட்டாள். நூர்ஜஹானிடம் வாங்கிக் கொடுத்தேன்... ஆம், அதையும் நான்தான் கொடுத்தேன்!

பூ வைக்கச் சில நாள் இருக்கும்போது அதுவும் தீர்ந்தது; அவள் முகம் வெந்தது. கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் நூலாய்த் தெரிந்தன. அடுப்பருகே நிற்க முடியாமல் துடித்தாள். அந்த முகத்தோடுதான் பூ வைக்க வந்தவர்கள் முன் நின்றாள். மாப்பிள்ளையின் தாய் மறுபடி மோவாயைப் பிடித்தாள்.

“நாங்க பாத்த பொண்ணு இது இல்லீங்களே. அன்னைக்கி என்னத்தப் பூசி நிறுத்துனீங்க?”

கூட்டத்தில் யாரோ பெரியவர், “வந்த தட்டு திரும்பிப் போவக் கூடாதுங்க. சின்னவ இருக்கால்ல?” என்றார்.

என்னை அதே வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். அதே கை என் மோவாயைத் திருப்பியது. என் முகம் சுத்தமாக இருந்தது. அவளுக்கென்று கொண்டுவந்த பூவை என் தலையில் வைத்தார்கள். நான் வாய் திறந்திருந்தால்...! திறக்கவில்லை.

மறுவாரம் பெரியம்மா அவளைப் பெரம்பலூருக்கு அழைத்துப் போனாள். என் கெட்ட நேரம், அதே டாக்டரம்மா! பெரியம்மா வெளியே பெஞ்சில் இருக்க, மலர்க்கொடி மட்டும் உள்ளே போனாளாம். திரும்பி வந்து, ஏதோ களிம்பு செய்த வேலை என்று தெரிந்ததும் பெரியப்பா உலுக்கினார்: “எவ குடுத்தா அந்தக் களிம்ப?”

“பஸ் ஸ்டாண்டு கடையில நானேதான் வாங்குனேன்” என்றாள். அறை விழுந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

உள்ளே டாக்டரம்மா அவளிடம் என்ன சொன்னார்? அதே ஊரிலிருந்து, அதே களிம்போடு வந்த இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்னாரா? கேட்கும் துணிவு எனக்கு வரவே இல்லை.

என் நலங்கின்போது சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். “நீ வேணாம் மலரு, தள்ளி நில்லு” என்று அத்தை அவள் கையைத் தட்டிவிட்டாள். சந்தனம் பூசிய முகத்தோடு நான் குனிந்தே இருந்தேன்.

அவள் முகத்தின் வேக்காடு தணிந்தது. சிவப்பும் தழும்பும் தங்கிவிட்டன. பூ வைக்கும் நாளில் நின்றுபோன பெண்ணை யார் கேட்டு வருவார்? பெரியப்பாவின் வெங்காயக் காட்டை இப்போது அவள்தான் பார்க்கிறாள். வெயில் பட்டால் எரியும் என்று முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொள்கிறாள்.

போன மாதம் அரியலூருக்கு எங்களைப் பார்க்க வந்தாள். என் மகளுக்கு இப்போது பருக்கள் வரும் வயது. கண்ணாடியும் கையுமாக அலைகிறாள். மலர்க்கொடியிடம் கேட்டாள்:

“பெரியம்மா, டி.வி.ல காட்டுற க்ரீம் வாங்கிப் போடட்டுமா?”

மலர்க்கொடி என்னைப் பார்த்தாள். குரலில் கோபம் துளியும் இல்லை.

“ஒங்கம்மாவக் கேளு கண்ணு. டாக்டரம்மா அவகிட்டதான் மொதல்ல சொன்னாங்க.”

என் மகள் என் பக்கம் திரும்பினாள். “என்னம்மா சொன்னாங்க?”

நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போனேன். என் மகள் தினமும் கேட்கிறாள்...